இறப்பின் காரணம்: கட்டத்துக்குள் எழுதவும்

பிறப்புச் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் சாக்லேட்டோடு வருவார்கள். இறப்புச் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் ஜெராக்ஸோடு வருவார்கள். எனக்கு வாய்த்தது ஜெராக்ஸ் கவுண்டர்.

பட்டாபிராம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் ஒரு சுகாதாரப் பிரிவு அலுவலகத்தில், இறப்புப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் ஒப்பந்த ஊழியர் நான். கல்லூரியில் படித்தது புள்ளியியல். நாலு பேர் சேர்ந்தாற்போல் என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சே வராது. இறந்தவர்களின் பட்டியலை டைப் அடிக்கும் வேலைதானே, யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் சேர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அதில் வெட்டிய அரைவட்ட ஓட்டை வழியாக ஊருக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கும் சக கவுண்டர்வாசிகளே, நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

கல்லு மாதிரி ஆளு

படிவத்தில் 'இறப்பின் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் எழுதிவிடுவார். வீட்டில் இறந்தால் வீட்டுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டார் என்றுதான் சொல்வார்கள். ஒருவர் காபி, ஒருவர் இரண்டு இட்லி, ஒருவர் பேரன் தட்டிலிருந்து எடுத்த அரை நூடுல்ஸ். எங்கள் வட்டாரத்தில் யாரும் பசியோடு போனதில்லை என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

சேர்ந்த புதிதில், அப்பாவை இழந்த ஒருவர் வந்தார். மாங்காட்டில் வாட்டர் கேன் போடுகிறவர். "நாஷ்டா துன்னாரு மேடம். டிவி பாத்துகினே இருந்தாரு. அப்டியே பூட்டாரு" என்றார். கட்டத்துக்குள் அதை எப்படி எழுதுவது? ஏதாவது நோய் இருந்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். சுகர், பிரஷர், கிட்னியில் கல், போன வருஷம் ஸ்டென்ட், அதற்கு முன் வருஷம் பைபாஸுக்குத் தேதி குறித்துப் போகாமல் விட்டது. விரல் தீர்ந்ததும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "மத்தபடி ஒரு சீக்கு கெடையாது மேடம். ஆளு கல்லு மாறி இருந்தாரு!"

மூன்றாம் படிவம்

துளசி வந்தது ஒரு மத்தியானம், வரிசை தீர்ந்த பிறகு. என் வயதுதான் இருக்கும். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்திருந்தாள். ஒரே ஒரு தாளைக் கண்ணாடி ஓட்டை வழியாக உள்ளே தள்ளி, "இதுல தப்பா போட்டிருக்குக்கா" என்றாள்.

எங்கள் வேலையில் குழந்தைகளுக்கு மூன்று படிவங்கள். உயிரோடு பிறந்தால் ஒன்றாம் படிவம். பிறந்து, பிறகு இறந்துபோனால் ஒன்றாம் படிவமும் வேண்டும், இறப்புக்கான இரண்டாம் படிவமும் வேண்டும். வயிற்றிலேயே இறந்து பிறந்தால் மூன்றாம் படிவம் மட்டும். துளசியின் ஆண் குழந்தைக்குப் பக்கத்து நர்சிங் ஹோம் அனுப்பியிருந்தது மூன்றாம் படிவம். சிசேரியன். மயக்கம் தெளியும்போது குழந்தை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் அந்தத் தாளை நம்பினார்கள். அவள் நம்பவில்லை.

"இதைத் திருத்தி என்ன பண்ணப் போறே? ஸ்கூல்ல சேக்கணுமா?" என்று பிறப்புக் கவுண்டரிலிருந்து கலைவாணி அக்கா கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது; எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். குழந்தை பிறந்து பத்து மாதம் முடிந்திருந்தது. ஒரு வருடத்துக்குள் என்றால் எங்கள் அலுவலகம் வழியாகவே, மாவட்டத்தில் அனுமதி வாங்கி மாற்றிவிடலாம். தாண்டினால் வருவாய்த் துறை ஆர்.டி.ஓ. அலுவலகம், விசாரணை, சாட்சி என்று அலைய வேண்டும். ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"நான் கேட்டேங்க்கா. மயக்கத்துலயும் கேட்டேன். செத்துப் பொறந்த புள்ள எப்படிக்கா அழும்?"

நாலு கேள்வி

இறப்புப் படிவத்தின் கடைசியில் நாலு கேள்விகள் இருக்கின்றன. இறந்தவர் புகைபிடித்தாரா, புகையிலை போட்டாரா, பாக்கு மென்றாரா, மது அருந்தினாரா. ஆம் எனில் எத்தனை வருடமாக? இதைக் கண்டுபிடித்தவர் எந்தக் கவுண்டரிலும் உட்கார்ந்ததில்லை என்று நினைக்கிறேன். தாலி கழற்றிய ஈரம் காயாத ஒரு அம்மாவிடம், பின்னால் பத்து பேர் நிற்கும்போது, "எத்தனை வருஷமா குடிச்சார்?" என்று நான் கேட்க வேண்டும். என் குரல் எனக்கே கேட்காது.

ஒரு நாள் வந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த மைத்துனர் முந்திக்கொண்டார். "அண்ணாத்தே அதெல்லாம் தொட்டதே கெடையாது மேடம். இல்லன்னு போடு."

"ஆமா, அவரு எப்புடி தொடுவாரு?" என்றார் அந்த அம்மா. "நீ ஊத்தி வாயாண்ட புடிச்சா, அவரு கைய இன்னாத்துக்கு தூக்கணும்?"

"அண்ணி, ஆபீஸ்ல வந்து..."

"ஆபீஸ்லதான் கேக்குறாங்க. ஊட்டுல எவன் கேட்டான்?"

வரிசை முழுவதும் குலுங்கியது. எங்கள் சுகாதார ஆய்வாளரைப் பார்க்க மறுபடி வந்து பெஞ்சில் காத்திருந்த துளசியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எத்தனை வருடம் என்ற கட்டம் காலியாக இருப்பதை நான் பேனாவால் தொட்டுக் காட்டினேன். அந்த அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "எனக்கு கல்யாணம் ஆயி முப்பது வருசம், அத்த நீ எழுதிக்கம்மா. அதுக்கு முன்னாடி இன்னா கணக்குன்னு எனக்கு தெரியாது, அவங்க அம்மாவத்தான் கேக்கணும்!"

பதினோரு வியாதிகள்

படைத்துறைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள் வந்தால் கலைவாணி அக்கா தன் மேசையைச் சுத்தம் செய்துகொள்வார். அவ்வளவு ஒழுங்காக வருவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர், மனைவி இறந்ததைப் பதிய ஒரு கெட்டி அட்டை ஃபைலோடு வந்தார். உள்ளே பத்து வருடத்து ரத்த அழுத்தம், தினம் காலை ஆறு மணிக்கு எடுத்தது, ரூல் போட்ட தாளில். மனைவிக்கு இருந்த வியாதிகள் பதினொன்று, ஒன்று முதல் வரிசை எண்ணோடு, ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய மாதம்.

துளசிக்கு அன்று மூன்றாவது வருகை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் அவர் கதையைக் கேட்டுவிட்டு, "வெறுங்கையோட வந்தா எவன்மா நம்புவான்? ஆஸ்பத்திரில தந்த துண்டுச் சீட்டு ஒண்ணைக்கூட விட்டுராத. மருந்துச் சீட்டு, ஸ்கேன், அட்டை, எல்லாத்தையும் அள்ளிக் கொண்டா" என்று அதட்டினார். அவள் தலையாட்டினாள்.

அவர் முறை வந்தது. பதினொன்றில் முதன்மைக் காரணம் ஒன்றைத்தான் எழுத முடியும் ஐயா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தார். பிறகு ஃபைலை மூடிவிட்டார்.

"ஒண்ணுதான் எழுதணும்னா சும்மா எழுதிர முடியாதுல்லா? நாப்பத்தோரு வருசம் கூட இருந்திருக்கேன். யோசிச்சிட்டு நாளைக்கு வாரேம்மா."

சுடுகாட்டு சாட்சி

மயானக் காப்பாளர் ஏழுமலை வாரம் ஒரு நாள் தன் நீள நோட்டோடு வருவார். அவர் புதைத்ததும் எரித்ததும் எங்கள் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். "இன்னா மேடம், உங்க ஆளும் என் ஆளும் டாலி ஆவுறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே நுழைவார். அலுவலகத்திலேயே உற்சாகமான மனிதர் அவர்தான்.

துளசியின் கணவர் ரமேஷ், குழந்தையை ஊருக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே புதைத்ததாகச் சொல்லியிருந்தார். அவரிடம் வேறு எதுவும் பெயரவில்லை. அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்றே நினைவில்லை என்றார். நான் தேதியைச் சொல்லி ஏழுமலையின் நோட்டைப் பார்க்கச் சொன்னேன். 'ரமேஷ், வேப்பம்பட்டு, ஆண் குழந்தை' என்று இருந்தது. அவ்வளவுதான். உயிரோடு பிறந்ததா இல்லையா என்று அவர் நோட்டில் எப்படி இருக்கும்? மூடப்போனேன். ஏழுமலை பக்கத்தின் மேல் விரலை வைத்தார். முகத்தில் இருந்த கேலி போயிருந்தது. "துணி வெலகிச்சு மேடம். தொடையில, ஊசி போட்டா வெப்பாங்களே, அந்த மாறி பஞ்சு வெச்சி பிளாஸ்திரி ஒட்டி இருந்துச்சு. அத்தோடவே வெக்கிறதா, பிச்சி எடுக்கறதான்னு அந்த அப்பன கேட்டேன். அவன் அந்தாண்ட திரும்பிட்டான். நானே எடுத்துட்டேன்."

இதை ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும். எங்கள் சுகாதார ஆய்வாளர்தான் பிறப்பு இறப்புப் பதிவாளரும். மோசமானவர் இல்லை, கொசு மருந்து, குப்பை வண்டி, டெங்கு, எல்லாம் அவர் தலையில். இறந்து பிறந்த குழந்தை சிசு மரணக் கணக்கில் வராது; ஆனால் சிசு மரணம் ஒன்று கூடினால் தனி விசாரணை, தனி அறிக்கை, மாதாந்திரக் கூட்டத்தில் தனி வசவு. முதல் தடவை அவர் அறைக்குள் போய், "சார், டீ சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது தடவை, ஃபேனை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். மூன்றாவது தடவைதான் ஏழுமலை சொன்னதைச் சொல்லி முடித்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு குழந்தை பொறந்ததுக்கு சுடுகாட்டுலேர்ந்தா சாட்சி கொண்டு வருவே?"

அட்டையின் பின்பக்கம்

அடுத்த வாரம் துளசி ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்து பெஞ்சில் கொட்டினாள். திருநெல்வேலிக்காரர் சொன்னபடி எதையும் விடவில்லை. மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் படங்கள், நர்சிங் ஹோம் எதிரில் டிபன் பார்சல் வாங்கிய பில், தாய் சேய் நல அட்டை. ஒரு வருடம் முடிய இருபது நாள்தான் பாக்கி.

அட்டையின் முதல் பக்கங்களில் அவளுடைய எடை, ரத்தம், இரும்புச் சத்து மாத்திரை. பாதிக்கு மேல் காலி. யாரும் அதற்கு மேல் புரட்டியிருக்க மாட்டார்கள். குழந்தை இல்லாதவளின் அட்டையில் குழந்தைக்கான பக்கத்தை எதற்குப் பார்ப்பார்கள்? எனக்கு ஏழுமலை சொன்ன பஞ்சு மட்டும் மனதில் இருந்தது. புரட்டினேன். தடுப்பூசி அட்டவணையில், 'பிறந்தவுடன்' என்ற வரிசையில், நீல மையில், தேதி. பக்கத்தில் நேரம். பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. குழந்தை பிறந்து ஐம்பது நிமிடம் கழித்துப் போட்டது.

இந்தத் தடவை நான் டீ பற்றிக் கேட்கவில்லை. அட்டையை ஆய்வாளர் மேசையில், அவர் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேலேயே விரித்து வைத்தேன். "முதல் வரிசை பாருங்க சார்" என்றேன். என் குரல் வராந்தா வரைக்கும் கேட்டதாகக் கலைவாணி அக்கா பிறகு சொன்னார். ஆய்வாளர் பார்த்தார். எங்கள் பதிவில் இருந்த மூன்றாம் படிவத்தை வாங்கிப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"உயிரில்லாம பொறந்த குழந்தைக்கு ஊசி போட்டு, மணி குறிச்சு, கையெழுத்தும் போட்டிருக்காங்களேம்மா! யாரு அந்த நர்ஸு? அவங்களுக்கு நான் கும்பிடு போடணும்."

சனிக்கிழமை வழக்கம்

நர்சிங் ஹோமுக்கு போன் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. போனில் முகம் தெரியாது என்பது எனக்கு ஒரு ஆறுதல். அங்கே படிவம் நிரப்புகிற இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார். வாரம் முழுவதும் பிரசவங்கள் நடக்கும், அவர் சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுவார். தாயும் குழந்தையும் போயிருந்தால் ஒன்றாம் படிவம். தாய் மட்டும் தனியாகப் போயிருந்தால் மூன்றாம் படிவம். பிரசவ அறை நோட்டை அவர் பார்த்ததே இல்லை. அது மாடியில் இருக்கிறதாம்.

பார்க்கச் சொன்னேன். படியேறும் சத்தம் கேட்டது. பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. திரும்ப வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. குழந்தை அழுதது என்று எழுதியிருக்கிறது, இரண்டே கால் மணி நேரம் இருந்திருக்கிறது, குறைமாதம், மூச்சுத் திணறல், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள், வருவதற்குள் முடிந்துவிட்டது. கடிதம் தந்துவிடுவதாகச் சொன்னார். தந்தும்விட்டார்கள். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை என்பது எனக்கு நிச்சயம். நிச்சயமாகத் தெரிந்ததால்தான் அன்று மத்தியானம் என் டிபன் பாக்ஸைத் திறக்க முடியவில்லை. போனை வைப்பதற்கு முன் அவர் சொன்னது இது: "வேணும்னு பண்ணலைங்க மேடம். அம்மா தனியா வீட்டுக்குப் போனா, நாங்க எப்பவுமே மூணாம் படிவம்தான் போடுவோம்."

இரண்டு தாள்கள்

அந்த 'எப்பவுமே'யைக் கேட்ட ஆய்வாளர், அந்த நர்சிங் ஹோமிலிருந்து வந்த மூன்றாம் படிவங்களை எல்லாம் திரும்ப எடுக்கச் சொன்னார். அந்த வேலை இன்னும் நடக்கிறது. துளசியின் கோப்பு மாவட்டத்துக்குப் போய் அனுமதியோடு வந்தபோது, ஒரு வருடம் முடிய நாலு நாள் இருந்தது. கையெழுத்துப் போடும்போது ஆய்வாளர், "சிசு மரணம் ஒண்ணு கூடுது. மீட்டிங்ல கேட்டா உன்னைத்தான் எழுப்பி விடுவேன்" என்றார். ஆனால் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை, முழுக் கையெழுத்தாகவே போட்டார்.

துளசி கணவரோடு வந்திருந்தாள். பிறப்புச் சான்றிதழைக் கலைவாணி அக்கா தந்தார். பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. "பேர் சேத்துக்கலாம்மா, இப்பவே சொல்லு" என்றார். ரமேஷ் அவளைப் பார்த்தார். "பேர் வெக்கற நாள் வரைக்கும் அவன் இல்லையேக்கா" என்றாள் துளசி. "அவன் எப்படி இருந்தானோ அப்படியே இருக்கட்டும்."

பிறகு என் கவுண்டருக்கு வந்தாள். நான் இறப்புச் சான்றிதழைத் தந்தேன். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பிறந்த நேரத்தின் மேல் ரமேஷ் விரலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. "நீ சொன்னப்ப நான் கேட்டிருக்கணும்" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். அவள் பிறப்புச் சான்றிதழை மட்டும் இரண்டாக மடித்துப் பையில் வைத்தாள். மற்றதைக் கண்ணாடி ஓட்டை வழியாக என் பக்கம் தள்ளினாள்.

"இது இங்கயே இருக்கட்டும்க்கா. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

எங்கள் வட்டாரத்தில் இந்த வருடம் சிசு மரணம் ஏன் ஒன்று கூடியது என்று மேலிடத்திலிருந்து யாராவது விளக்கம் கேட்டால், காரணம் நான்தான் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்கிறேன், கேட்கிறவர் தயவுசெய்து போனில் மட்டும் கேட்டால்.